பிரேக் அக்காவின் ஒரு நிமிட ஜெபம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார்களில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் அதை அழுத்தி வண்டியை நிறுத்திவிடலாம். அந்தப் பிரேக்கின்மேல் எந்நேரமும் ஒரு காலை வைத்தபடியே பாடம் நடத்தியதால் பயிற்சியாளரான அந்தப் பெண்ணுக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. குரல் பெரிது. "இவ கிளட்ச்சை விடுன்னு சொன்னா, அடுத்த தெருவுல போறவனும் விட்டுடுவான்" என்பார் எலெக்ட்ரீஷியனான அவருடைய கணவர்.

அவரிடம் ஒரு நர்ஸ் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஊசி போடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் நடுங்கும். டெஸ்ட்டில் ஏற்கெனவே தோற்றிருந்தார். ஒருநாள் வண்டியைக் கிளப்புவதற்கு முன் அக்காவின் உதடுகள் அசைவதைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா முணுமுணுக்கிறீங்க? என்னைத் திட்டறீங்களா?"

"திட்டறதா இருந்தா சத்தமாவே திட்டுவேன். ஜெபம் பண்றேன்."

"எனக்காகவா?"

"உனக்காகவும்தான். ரோட்டுல எதிர்ல வர்றவங்களுக்காகவும்தான்."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அதை அப்படியே போன்ல பேசி அனுப்புங்கக்கா. டெஸ்ட்டுக்குப் போறப்போ கேட்டுக்கறேன்" என்றார். அக்கா அனுப்பினார். இந்த முறை நர்ஸ் தேறிவிட்டார். அந்தப் பதிவு அவர் தோழிகளுக்குப் போய், அங்கிருந்து யார் யாருக்கோ போனது. கல்லூரியில் படிக்கும் மகள்தான், "குரலை மட்டும் அனுப்பாதம்மா, வீடியோவாவே போடு" என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள்.

ஒருவர் இறங்கி அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில், நிறுத்தி வைத்த காரிலேயே போனைச் சாய்த்து வைத்துவிட்டு அக்கா கண்ணை மூடுவார். பெரிய வார்த்தைகள் எதுவும் இருக்காது.

"ஆண்டவரே, இன்னைக்கு ரோட்டுல இறங்குற எல்லாரும் பத்திரமா வீடு திரும்பணும். கோபத்துல ஹாரன் அடிக்கிறவங்களுக்குப் பொறுமையைத் தாரும். முதல்ல எனக்குத் தாரும். ஆமென்."

ஒரு நிமிடம்கூட ஆகாது. பழைய மாணவர்கள், சபையார், யாரென்றே தெரியாத லாரி ஓட்டுநர்கள் எனப் பார்க்கிறவர்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள்.

சபையில் ஒரு மூதாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "ஜெபம் கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ண வேண்டியதும்மா" என்றார்.

"நாலு கதவையும் சாத்திட்டுத்தான் பண்றேன், வேணும்னா கார்ல வந்து பாருங்க" என்றார் அக்கா. மூதாட்டி முறைத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச நல்லதை நாலு பேர்கிட்டச் சொல்லாம இருக்க முடியல, அவ்வளவுதான்" என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வார இறுதியில் அந்தக் கேலி வீடியோ வந்தது. யாரோ அக்காவின் வீடியோவை எடுத்து, 'ஆமென்' என்ற இடத்தில் டமாரென்று கார் மோதிக் கண்ணாடி நொறுங்கும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். 'பிரேக் பிடிக்கலையா? ஜெபம் பண்ணுங்க' என்று கீழே ஓடியது. திங்கட்கிழமைக்குள் அதைப் பார்க்காத ஆளே இல்லை என்றாகிவிட்டது.

"காலேஜ் முழுக்க இதுதாம்மா பேச்சு. பேஜையே மூடிடு" என்றாள் மகள்.

"நீ பார்த்தப்போ சிரிச்சியா?"

மகள் தரையைப் பார்த்தாள். "முதல் தடவை சிரிச்சிட்டேன்."

"நானும்தான் சிரிச்சேன். சத்தம் சரியா ஆமென் மேல வந்து விழுது பாரு."

பள்ளி முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏம்மா, வீடியோல நம்ம ஸ்கூல் போர்டு பளிச்சுன்னு தெரியுது. உங்க கார்ல பிரேக் இருக்கான்னு ஒரே போன். எந்தச் சாமியைக் கும்பிடறவங்களும் நம்மகிட்ட வர்றாங்க. உங்க ஜெபத்து மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா வண்டி என்னோடது."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பது அக்காவுக்குப் புரிந்தது. "சரி சார். இனிமே உங்க வண்டியில எடுக்க மாட்டேன். பழைய வீடியோல போர்டை மறைச்சிடச் சொல்றேன். ஆனா ஜெபத்தை அழிக்கச் சொல்லாதீங்க, அது என்னோடது."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "மறைச்சாப் போதும்மா" என்றார்.

கேலி அக்காவைக் காயப்படுத்தவில்லை. அதற்குக் கீழே ஒருவர், 'ஜெபம் பண்றவங்களுக்கு எதுக்குப் பிரேக்?' என்று கேட்டிருந்தாரே, அதுதான் முள்ளாகக் குத்தியது. இத்தனை வருடமாகப் பார்த்துவரும் தொழிலையே குறை சொன்னது போல இருந்தது. அன்று மாலை வீட்டு வாசலில், கணவரின் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு அடுத்த வீடியோவை எடுத்தார்.

"முதல்ல பிரேக்கைப் பார்ப்பேன். டயரைப் பார்ப்பேன். கண்ணாடியைச் சரி பண்ணுவேன். அப்புறம்தான் கண்ணை மூடுவேன், அதுவும் வண்டி நிக்கும்போது. ஆண்டவர் எனக்குக் கால் கொடுத்திருக்கார். அதைத் தூக்கிப் பிரேக் மேல வைக்க வேண்டியது நான்தான். அப்புறம், அந்த வீடியோ பண்ணின தம்பி, வீட்டுல எல்லாரும் நல்லாச் சிரிச்சோம். கண்ணாடிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சிக்கோ, காதைக் கிழிக்குது."

இதை இன்னும் நிறையப் பேர் பார்த்தார்கள். மறுநாள் காலை காப்பியை வைத்துக்கொண்டு அக்கா கமென்ட்டுகளைப் படிக்க உட்கார்ந்தார். அவருக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு கூட்டமே கேலி செய்தவனைச் சபித்திருந்தது. அவன் கை விளங்காமல் போகும், குடும்பமே அழியும் என்றெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடைசியில் கும்பிடும் கைகளையும் போட்டிருந்தார்கள். நடுவில் அவருடைய சொந்த அண்ணனின் பெயர். சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். 'என் தங்கையைக் கேலி செய்தவன் வண்டியில் அடிபட்டுத்தான் சாவான்' என்று எழுதியிருந்தார்.

காப்பி ஆறிப்போனது. அக்கா போனை எடுத்தார்.

"அண்ணா, அதை எடுத்துடு."

"எதை? உனக்காகத்தானே எழுதினேன். உன்னை ஒருத்தன் கேலி பண்ணினா எனக்கு ரத்தம் கொதிக்காதா?"

"கொதிச்சா எனக்குப் போன் பண்ணிக் கத்து. ரோட்டுல யாரும் சாகக் கூடாதுன்னு நான் தினமும் ஜெபம் பண்றேன். அதுக்குக் கீழேயே ஒருத்தனைச் சாகச் சொல்லி நீ எழுதியிருக்க."

"அவன் ஆண்டவரையே கேலி பண்றான்."

"என்னைத்தான் பண்ணினான். அவரையே பண்ணியிருந்தாலும், அவர் உன்னை அடியாளாவா வச்சிருக்கார்? சிலுவையில தொங்கறப்போகூட அவர் யாரையும் சபிக்கல. வாரா வாரம் அதை நீதானே பாடற?"

"நாலு பேர் பார்க்கிறாங்கன்னதும் எனக்கே பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சிட்ட" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

அக்கா சாபங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். அண்ணன் எழுதியதில் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் நீக்கினார். கேலி செய்தவர்களின் வரிகளை அப்படியே விட்டுவைத்தார். பக்கத்தின் மேலே, 'இங்கே கேலி செய்யலாம், சபிக்கக் கூடாது' என்று எழுதினார். 'நீயெல்லாம் விசுவாசியா?' என்று கேட்டுவிட்டுப் பலர் விலகிப் போனார்கள்.

"என்ன, ஆள் குறையுது போல?" என்றார் கணவர்.

"குறையட்டும். கார்ல கத்திக் கலாட்டா பண்றவங்களைக்கூடத்தான் இறக்கி விடறேன்."

அந்த வார நடுவில் கேலி வீடியோ மறுபடி வந்தது. கண்ணாடிச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. 'அக்கா, இப்போ ஓகேவா?' என்று கேட்டிருந்தான். அக்கா அதற்கு ஒரு லைக் போட்டார். அவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த ஜெபத்தில் அவனையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன்தான் இறங்கி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தங்கை இருக்கும் பக்கமே திரும்பாமல் பாடினார். அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆனாலும் அவர் எழுதியதை நீக்கியதற்காக அக்கா வருந்தவில்லை.

அதற்கடுத்த வாரம் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"வீட்டு வாசல்ல எடுக்கறியே, வெளிச்சமே பத்தல. மூஞ்சி கறுப்பா விழுது" என்றார் அண்ணன். "எங்க வீட்டு மாடிக்கு வா, அங்க நல்ல வெயில்."

"அண்ணி டிபன் போடுவாங்களா?"

"போடுவா, போடுவா. நீ முதல்ல வந்து சேரு" என்று சொல்லிவிட்டு, தங்கையின் செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார் அண்ணன்.