டீ கேட்கவிடாத சட்டை

ரெடிமேட் கடையில் ட்ரையல் ரூமுக்குள் போன ஆம்பளை எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறான் என்பதை வைத்தே, அவன் திங்கட்கிழமை எங்கே போகப் போகிறான் என்று சொல்லிவிடலாம். கல்யாணத்துக்குப் போகிறவன் இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுவான். அங்கே தன்னை யாரும் பார்க்கப் போவதில்லை என்று அவனுக்கே தெரியும். இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்குப் பத்து நிமிஷம். வேலையில் சேரப் போகிறவன் உள்ளே போனால், கதவைத் தட்டி ஆள் நலமா என்று நாம்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தமானில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் பதினாறு வருஷமாக ஆண்கள் துணிக்கடை வைத்திருக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைப்பவர் நீங்களும் என்றால், துணி விற்றாலும் சரி, கண்ணாடி விற்றாலும் சரி, நம் பாடு ஒன்றுதான். வருகிறவர் கேட்பது ஒன்றாக இருக்கும், அவருக்கு வேண்டியது நம் கடையிலேயே இருக்காது. அதை வாய்விட்டுச் சொன்னால் வியாபாரம் போச்சு. போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், மூன்றே நாளில் இப்படி நாலு பேரிடம் மாட்டிக்கொண்டேன்.

கையைத் தைக்க முடியாது

முருகேசன் வந்தது வியாழக்கிழமை. மாயாபந்தர்காரர், நாற்பத்தொரு வயது. அங்கே ஓர் அரசாங்க அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் தினக்கூலி. பெருக்குவது, ஃபைல் தூக்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஹால் முழுவதற்கும் டீ போடுவது. நடுவில் படித்து, பரீட்சை எழுதி, கிளார்க் ஆகிவிட்டார். நல்ல செய்திதான். ஆனால் போஸ்டிங் அதே அலுவலகம், அதே ஹால். திங்கட்கிழமை சேர வேண்டும். மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க போர்ட் பிளேர் வந்தவர், அப்படியே துணி எடுக்க என் கடைக்கு வந்திருந்தார்.

"என்ன மாதிரி சட்டை பாக்கறீங்க?" என்றேன், கோடு, கட்டம் என்று ஏதாவது சொல்வார் என நினைத்து. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அதைப் போட்டுக்கிட்டு நான் ஹாலுக்குள்ள நுழைஞ்சா, ஒருத்தனும் என்கிட்ட டீ கேக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டை." எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "முதல் வாரம் போட்டுக் குடுத்துட்டேன்னா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் நான்தான் போடணும். சேர்ல உக்காந்தாலும் டீக்காரன்தான்" என்றார்.

வெளிர் நீலத்தில் முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட் எடுத்துக் கொடுத்தேன். இருபத்தைந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார். தோள் கச்சிதம், காலர் கச்சிதம், பேன்ட் மட்டும் கொஞ்சம் நீளம். ஆனாலும் ஏதோ இடித்தது. என் கடையில் ஆல்ட்டரேஷன் பார்க்கிற பிமல், டிக்லிபூர் பெங்காலி. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முருகேசனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முருகேசனோ இரண்டு கையையும் வயிற்றுக்கு மேலே கோத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்பதுபோல லேசாகக் குனிந்து நின்றார். பிமல் என் காதருகில் வந்து சொன்னார்: "ஷர்ட் அச்சா ஹை அண்ணா. கைதான் கராப், சரியில்ல. அதுக்கு என்கிட்ட ஆல்ட்டரேஷன் நஹி."

பொம்மையின் சட்டை

மறுநாள் காலை புரோத்ராபூரிலிருந்து காய்கறி பயிரிடுகிற ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு சேர்கிறான். அந்த வருஷம் அதிசயமாக கப்பல் சரியான நேரத்துக்கு வந்து, யூனிஃபார்ம் சட்டை எல்லா சைஸிலும் என்னிடம் இருந்தது. நான் பெருமையாக ஆறு சட்டைகளைப் பிரித்துப் போட்டேன். பையன் ஒன்றையும் தொடவில்லை. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மையைக் காட்டி, "அங்கிள், அது போட்டிருக்கறதைக் குடுங்க" என்றான்.

அதுவும் அதே யூனிஃபார்ம்தான், ஆனால் இரண்டு வருஷமாக வெயிலில் நின்று நீலம் பாதி போன சட்டை. "தம்பி, அது வெளுத்துப் போச்சு. புதுசு இவ்வளவு இருக்கே" என்றேன். அவன் சொன்னான், "அங்க எல்லாரும் எல்.கே.ஜி.லேர்ந்து ஒண்ணாப் படிச்சவங்க. மடிப்புக் கோட்டோட புதுச் சட்டை போட்டுட்டுப் போனா கேட்லயே கண்டுபிடிச்சிருவாங்க. இதைப் போட்டா நானும் ரொம்ப நாளா அங்கயே இருக்கற மாதிரி தெரியும்." புதுத்துணி போட்டால் தைரியம் வரும் என்று அத்தனை வருஷமாகச் சொல்லிக் கடை நடத்துகிறவன் நான். பொம்மையின் கையைக் கழற்றி, சட்டையை உருவி, மடித்துக் கொடுத்தேன். அப்பா கவரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் முத்தின வெண்டக்காயைக் கொண்டுபோனா மார்க்கெட்ல ஒருத்தன் தொட மாட்டேங்கறான். நீ நல்லாப் பொழைக்கறே அண்ணே."

நாலு பேர் சொன்னால்

அன்று சாயங்காலம் ஐந்து பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்குத்தான் வேலை, ஹேவ்லாக்கில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன். மற்ற நாலு பேரும் ஆலோசனை சொல்ல வந்தவர்கள். இன் பண்ணலாமா கூடாதா, கையை மடிக்கலாமா விடலாமா, பெல்ட்டும் ஷூவும் ஒரே கலரா என்று ஒரு மணி நேரம் பஞ்சாயத்து. கடைசியில் நாலு பேரும் தங்களுக்கு ஆளுக்கொரு சட்டை எடுத்துக்கொண்டார்கள். வேலை கிடைத்தவன் வெறும் கையோடு நின்றான். அவர்கள் படியிறங்கியதும் அவன் மட்டும் திரும்பி வந்து சொன்னான்: "அண்ணே, ஹோட்டல்ல யூனிஃபார்ம் குடுத்துருவாங்களாம். ஆசையா வந்தானுங்க, சொல்ல மனசு வரல."

மெயின்லேண்ட் ஷூ

சனிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கணேஷ் படியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த தெரு. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர வேண்டும். சென்னையில் பி.எட். படிக்கும்போது நல்லதாக ஒரு ஜோடி ஷூ வாங்கி, "வேலை கிடைக்கிற அன்னிக்குத்தான் போடுவேன்" என்று பிளாஸ்டிக் கவர் சுற்றி, பெட்டியோடு பீரோ மேல் வைத்திருந்தார். நாலு வருஷம். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது நல்ல பழக்கமாகத் தெரியலாம். இங்கே இருக்கிற ஈரக் காற்றில், போட்டுக் கிழித்த ஷூதான் பிழைக்கும். பத்திரப்படுத்தின ஷூ உள்ளுக்குள்ளேயே மக்கிப் போகும். வீட்டு வாசலில் இருந்து என் கடை வரை, ஈர ரோட்டில் அந்த ஷூவின் அடிப்பாகம் கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து கிடந்தது. மேல்பாகம் மட்டும் பளபளவென்று காலில் இருந்தது.

நான் ஷூ விற்பதில்லை. என் காலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு சைஸ் பெரிது. பிமல் வெட்டுத்துணியைச் சுருட்டி முன்பக்கம் அடைத்தார். அப்படியும் காலைத் தூக்கினால் ஷூ தரையிலேயே நின்றுவிட்டது. அதனால் கணேஷ் காலைத் தூக்காமல், படகுத்துறையில் பாசி பிடித்த படியில் இறங்குகிறவர் மாதிரி மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனார். இன்றைக்கு இவர் மானம் போகப் போகிறது என்று எனக்கு மத்தியானம் வரை வேலையே ஓடவில்லை. இரண்டு மணிக்கு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் பிரின்சிபால் சொன்னாரு அண்ணே, 'வராந்தாவுல எப்படி நடக்கணும்னு புது சாரைப் பாத்துக் கத்துக்குங்க, என்ன ஒரு நிதானம்'னு. இந்த ஷூவை இன்னும் ஒரு வாரம் வச்சுக்கவா?"

டை

அன்று மாலையே முருகேசன், நீளம் குறைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்தார். இனிமேல் சொல்லப்போவது என் தப்பு. என்னிடம் ஒரு பெட்டி நிறைய டை கிடந்தது. ஏழு வருஷமாக ஒன்றுகூட நகரவில்லை. எங்கள் தீவில் டை கட்டுகிறவர்கள் மூன்றே ஜாதி: பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஹோட்டல் பையன்கள், மெயின்லேண்டிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற ஆபீசர்கள். ஆபீசர்களும் இரண்டாம் மணி நேரத்தில் வேர்வை தாங்காமல் கழற்றிப் பையில் வைத்துவிடுவார்கள்.

எனக்கு அன்று என்ன தோன்றியதோ, ஒரு கறுஞ்சிவப்பு டையை எடுத்து முருகேசன் கழுத்தில் கட்டிவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனுஷன் நிமிர்ந்தார். கோத்திருந்த கை பிரிந்து பக்கவாட்டில் இறங்கியது. கண்ணாடியைப் பார்த்து, "இனி எவன் கேப்பான்?" என்றார். பாதி பிரசங்கமும், பாதி பழைய சரக்கைத் தள்ளிவிட்ட சந்தோஷமுமாக, டை கட்டும் விதத்தை மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். அவர் போனதும் பிமல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அண்ணா, இந்த ஆள் மாயாபந்தர் போறாரா, டெல்லி போறாரா?"

எனக்கும் ஒண்ணு

ஆகஸ்டில் முருகேசன் மறுபடி வந்தார். டை இல்லை. எப்படிப் போச்சு என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தத் திங்கட்கிழமை கொட்டுகிற மழை. குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தபடி அலுவலகப் படி ஏறியிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒரு குடையும் அதற்குக் கீழே ஒரு டையும்தான். டை என்றால் இன்ஸ்பெக்‌ஷன். "சாப் ஆ கயா!" ஆபீசர் வந்தாச்சு என்று ஒரு குரல். நாற்காலிகள் இழுபடுகின்றன, ஃபைல்கள் பறக்கின்றன, செருப்போடு இருந்தவர்கள் ஷூவைத் தேடுகிறார்கள். அந்தக் களேபரத்தில் ஹெட் கிளார்க் கத்தியிருக்கிறார், "முருகேசன் எங்கே? சாய் போடச் சொல்லு, ஜல்தி!" வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த முருகேசன், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், இதோ கொண்டுவருகிறேன் என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டார். "அபி லாயா சாப்!" குடையை மூலையில் சாத்திவிட்டு நேரே அடுப்புக்குப் போய்விட்டார். வந்திருக்கும் ஆபீசருக்கும் சேர்த்து எண்ணிப் பதினோரு டம்ளர். தட்டோடு ஹாலுக்கு வந்து நின்றபோதுதான், அந்த ஆபீசர் யார் என்று எல்லாருக்கும் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்றாம். டையின் நுனி டீயில் நனைந்திருந்ததாம்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. விற்காத சரக்கைத் தள்ளிவிடப் பார்த்து, ஒரு மனுஷனின் முதல் நாளைக் கெடுத்துவிட்டேன். "மன்னிச்சுக்குங்க முருகேசன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் கையை ஆட்டி, "இருங்க அண்ணே, புதன்கிழமை கதையைக் கேளுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை நீலச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் காயவில்லை. ஜூன் மழையில் மாயாபந்தரில் கொடியில் போட்ட துணி காய்வது நம் கையிலா இருக்கிறது? வேறு வழியில்லாமல், தினக்கூலியாகப் பெருக்கும்போது போட்ட பழைய பேன்ட்டையும் அரைக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு போனார். காலர் நைந்தது, பித்தான் ஒன்று வேறு நிறம். பதினோரு மணிக்கு, நாலு மேஜை தள்ளி ஒரு சீனியர், தலையைத் தூக்காமலே, "முருகேசன், சாய்" என்றார். முருகேசனின் கால் தானாக எழுந்துவிட்டது. இரண்டு அடி நடந்தும் விட்டார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாலுக்கே கேட்கிற மாதிரி, "எனக்கும் ஒண்ணு" என்றார்.

சீனியர் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். முருகேசன் ஃபைலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி நகரும் சத்தம். சீனியர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். இப்போது முறை வைத்துப் போடுகிறார்கள்; முருகேசனுடைய முறை வெள்ளிக்கிழமை.

"எங்கேர்ந்து வந்துச்சு அந்தத் தைரியம்?" என்றேன். "தெரியல அண்ணே. முதல் ரெண்டு நாளு என் வேஷத்தைப் பாத்துச் சிரிச்சாங்க. அன்னிக்குச் சிரிக்க என் மேல ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு எழுந்து, ராக்கைத் துழாவி இரண்டு சட்டைகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். பழைய சட்டையிலேயே காரியம் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். முருகேசன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுவும் காயணும்ல அண்ணே."

ஒரு மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த அந்த ஒரு நாளில், அவர் உடம்பில் என் கடைத் துணி ஒரு முழம்கூட இல்லை என்பதை போர்டில் எழுதிவைத்தா நான் வியாபாரம் பண்ண முடியும்?