மஞ்சள் துணிப் பொட்டலம்

சோலைக்கு இடது கையில் மூன்று விரல்கள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஈஸ்வரனின் மரப்பட்டறையில் போயின. போடிமெட்டிலிருந்து இறங்கிய சில்வர் ஓக் லோடு மழையில் நனைந்திருந்தது. மரம் அறுக்கும் பேண்ட்சா மிஷினின் மேசையில் கட்டை வழுக்கித் திரும்பியது, கையும் கூடவே போனது. பன்னிரண்டாம் நாள் கட்டோடு வேலைக்கு வந்து நின்றார்.

"இன்னும் எட்டு கெடக்குல்ல, பெறகென்ன?" என்றார் ஈஸ்வரன். பட்டறையே சிரித்தது. சோலையும் சிரித்துவைத்தார்.

பத்தொன்பது வருஷமாக அந்த மிஷினை ஓட்டியவர் அவர்தான். பிளேடு மழுங்குவது அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். மலை மேல் உள்ள எஸ்டேட் ஸ்டோர்களில் ஏலக்காய் உலர்த்தும் தட்டுகளுக்குச் சட்டம் அறுப்பதில் அவர் கைக்குத் தனிப் பெயர் இருந்தது. விரல் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

தை மாதம் ஈஸ்வரன் பட்டறையை மூடிவிட்டு கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். "மிஷின நீயே எடுத்துக்கயேன் சோலை. ரெண்டு வெரல ஏற்கெனவே அட்வான்சா குடுத்துட்ட. மீதியக் குடுத்தாப் போதும்."

சாயங்காலத்துக்குள் இந்தப் பேச்சு டீக்கடைக்குப் போய்விட்டது. லோடுமேன் பேச்சிமுத்து பெஞ்சில் இடம் விட்டபடியே கேட்டார்: "என்ன மாப்ளே, பாக்கி எட்டையும் தவணையில கட்டப் போறியா?"

மிஷினை வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று சோலைக்குத் தெரியும். டவுனில் இரண்டு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. இரண்டு இடத்திலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்த்தார்கள். ஓரிடத்தில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மனைவி சண்முகத்தாய் விடிவதற்கு முன் ஜீப்பு ஏறி ஏலக்காய் எடுக்க எஸ்டேட்டுக்குப் போகிறவள். "அந்த எழவு மிஷின வீட்டுப் பக்கத்துல கொண்டாந்து வச்சா, தெனமும் அது மூஞ்சியிலதான் நான் முழிக்கணுமா?" என்று கத்தினாள். மறுநாள் அவளே கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். "எடுத்துத் தொல. வேற எவன் ஒனக்குச் சோலி குடுப்பான்?"

கத்தியதைவிட இதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

சோலை முடிவு சொல்வதற்குள், ஞாயிற்றுக்கிழமை சின்னமனூரிலிருந்து மாரீஸ்வரன் என்ற இளைஞன் மிஷினைப் பார்க்க வந்தான். சுற்றிச் சுற்றி போனில் படம் எடுத்தவன், "கார்டு எங்கண்ணே? பிளேடுக்கு முன்னால கை போகாமத் தடுக்குற கார்டு இல்லாம நான் எடுக்க மாட்டேன்" என்றான்.

ஈஸ்வரன் இதற்காகவே காத்திருந்தவர்போலச் சிரித்தார். மிஷினுக்கு மேலே இருந்த பலகைத் தட்டில் கையை விட்டு மஞ்சள் துணிப் பொட்டலத்தை இறக்கினார்.

"மொதலாளி, அது சாமியில்ல?" என்று சோலை பதறி முன்னால் வந்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆயுத பூஜையன்று ஈஸ்வரன்தான் அந்தப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். "மிஷினோட சேந்தது, பொட்டு வை" என்றார். முதலாளி வீட்டுக் குலசாமி என்று நினைத்துக்கொண்டார் சோலை. சாமிப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி யார் கேட்பார்கள்? வருஷா வருஷம் குளித்து வந்து அதற்குச் சந்தனம் பூசினார். விரல்கள் மேசையில் கிடந்த அன்றும் அதை அண்ணாந்து பார்த்துக் காப்பாத்து என்றுதான் கும்பிட்டார்.

ஈஸ்வரன் முடிச்சை அவிழ்த்தார். காய்ந்த சந்தனம் துணியிலிருந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே பச்சைப் பெயின்ட் மின்னும் ஒரு இரும்புக் கூடு.

"ஒரு கீறல் இருக்கா பாருங்க தம்பி. ஒரு நாள்கூட மாட்டல. மாட்டினா கட்டைக்குக் கட்டை ஏத்தி எறக்கணும், சோலி ஓடாது. விக்கும்போது வெல பேசுமேன்னு மிஷின் வந்த அன்னிக்கே கழட்டிட்டேன்."

சோலை தன் மூன்று விரலை அந்தக் கூட்டுக்குள் விட்டுப் பார்த்தார். நுனிதான் நுழைந்தது.

"என்ன சோலை, பொட்டு வைக்க வந்தியா?" என்றார் ஈஸ்வரன். மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த இரும்பாலேயே முதலாளி மண்டையில் ஒன்று போடலாம் என்றிருந்தது சோலைக்கு. அதற்குள் மாரீஸ்வரன், "வெலயச் சொல்லுங்கண்ணே, முடிச்சிருவோம்" என்றான்.

"நான் எடுத்துக்கிறேன் மொதலாளி. என்ன வெலயா இருந்தாலும்" என்றார் சோலை.

குரங்கணி சாலையில் தகரக் கொட்டகை போட்டு மிஷினை நிறுத்தினார். கார்டை மாட்டித்தான் ஓட்டினார். ஒரு வாரம் ஓடியது. மலையிலிருந்து எஸ்டேட் மேஸ்திரி போன் மேல் போன் போட்டார். தட்டுச் சட்டம் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. "வெரசா முடியலன்னா சொல்லிரு, வேற ஆளப் பாக்குறேன்." மூன்று விரல் கை சீக்கிரமே மரத்துப்போனது. ஆள் வேண்டியிருந்தது.

மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போன பேச்சிமுத்து வந்து வேலை கேட்டார். டீக்கடையில் மாப்ளே என்றவர், கொட்டகை வாசலில் நின்று மொதலாளி என்றார்.

பேச்சிமுத்து வருவதற்கு முந்தின நாள் சோலை கார்டின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினார். எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய மஞ்சள் துணியிலேயே சுற்றி முடிச்சுப் போட்டு, மிஷினுக்கு மேலே பலகையில் வைத்தார். உள்ளே இருப்பது என்ன என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சண்முகத்தாயிடம்கூட.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்குத் திருநீறு பூசிவிட்டுப் பொட்டலத்தை இறக்கி நீட்டினார்.

"இதென்னது மொதலாளி?"

"மிஷினோட சேந்தது. பொட்டு வை."

பேச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பத்து விரலாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.