சித்தூர் எலியும் பச்சை ஏரியும்

1960-ல் மாநில எல்லைக்கோடு நகர்ந்தபோது வரதய்யபாளையம் பக்கத்து ஏரி ஒன்று ஆந்திராவுக்கு வந்தது. கூடவே என் தலையிலும் விழுந்தது. ஏரி முழுக்கப் பச்சைப் பாசி. அதில் தண்ணீர் குடித்த எருமை ஒன்று செத்துப்போயிருந்தது. நான் சித்தூர் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிப்பவன். பாசி விஷத்தை அளக்க அன்று எங்களிடம் இருந்தது வெள்ளெலிதான். தண்ணீரை அதன் வயிற்றில் ஊசியால் ஏற்றுவோம். செத்தால் விஷம், பிழைத்தால் நல்ல தண்ணீர்.

எருமையைப் பறிகொடுத்த விவசாயிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கறவை எருமை. அதைக் கட்டிப்போட்டுவிட்டு, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் பாட்டிலில் பிடித்துவந்த தண்ணீருக்கு எலி பிழைத்தது. பிழைத்த தெம்பில் என் விரலையும் கடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல சேதியை நேரில் சொல்ல பஸ் ஏறினேன். ஊர் பார்க்க அந்த ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டுவதாக வழியெல்லாம் மனதில் ஒத்திகை வேறு.

நான் வந்தது தெரிந்ததும் விவசாயி எருமையை ஏரிக்கரைக்கே ஓட்டி வந்துவிட்டார்.

"கெணறு வத்திக்கினே கீது சார். இத்த எறக்கலாமா?"

நான் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். குனிந்து, பாசியை ஒரு கையால் அப்பால் தள்ளி, தெளிந்த இடத்தில் மறு கையை விட்டேன். கை அப்படியே நின்றுவிட்டது. பாசியை விலக்கித்தான் எங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீர் மொள்வார்கள். பாட்டிலையும் அப்படித்தான் நிரப்பியிருந்தேன். விஷம் பாசியில் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எலிக்குக் கொடுத்திருக்கிறேன். எருமைக்கு விலக்கக் கை கிடையாது என்பது, பட்டம் வாங்கிய என் மண்டையில் அப்போதுதான் ஏறியது.

பாய்ந்துபோய் எருமையின் கயிற்றைப் பிடித்தேன். இறக்க வேண்டாம், சோதனை இன்னும் முடியவில்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு சார் வந்தீங்க?" என்றார் அவர்.

பாசியை வழித்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு திரும்பினேன். இந்த முறை எலி செத்தது. துள்ளிக் குதித்தேன், செத்துக் கிடந்த எலியைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

மறுபடி போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டேன். கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினேன். எருமை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுத்த குடத்துக்கு என்னைப் பார்த்தது.