கப்பிக்கு எண்ணெய்

வட்டக்கச்சியில் இருக்கும் என் வீட்டுத் தொலைபேசிக்கு ரொறன்ரோ நகரத்து எண். அக்காவின் மகள் அங்கிருந்து அனுப்பிய கையகலப் பெட்டியை இங்குள்ள இணைய இணைப்பில் பொருத்தியதும், இந்த வீடு அக்காவுக்கு அடுத்த தெருவாகிவிட்டது. எவ்வளவு நேரம் கதைத்தாலும் கட்டணம் இல்லை. விரல்கள் மரத்துப்போன அக்காவால் தொடுதிரையைக் கையாள முடியாது. பொத்தான் வைத்த பழைய கருவிதான் அவருக்குச் சரிப்பட்டது.

தினமும் பின்னேரம் நான்கு மணிக்கு அழைப்பார். அவருக்கு அப்போது விடிகாலை. கால் மணி நேரத்தில் கதை தீர்ந்துவிடும். ஆனாலும் நாங்கள் இணைப்பைத் துண்டிப்பதில்லை. நான் குசினியில் காய் அரிவேன், அவர் அங்கே தன் வேலையைப் பார்ப்பார். விளக்கு வைக்கும்வரை அந்த மௌனம் எங்கள் இருவருக்கும் இடையே திறந்திருக்கும். அத்தான் இறந்தபின் தனித்துப்போன அவருக்கும், படிப்பித்து ஓய்ந்த எனக்கும் அது ஒரே வீட்டில் இருப்பதைப் போலத்தான்.

மாரி தொடங்கிய ஒரு நாள், அந்த மௌனத்தின் நடுவே அக்கா கேட்டார்.

“ஆரடி கிணத்தடியில?”

“ஒருத்தரும் இல்லையே.”

“கப்பி கத்துது. ஒரு சொட்டு எண்ணெய் விடப் பஞ்சியோ உனக்கு?”

யன்னலால் பார்த்தேன். கிணறு இருந்த இடத்தில் கொங்கிறீற் மூடியும் அதன்மேல் நனைந்த ஒரு கோழியும்தான் இருந்தன. போர் முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில் கிணற்றை இறைக்க வந்தவர்கள் பாதியில் நிறுத்தி, “வேண்டாம் ரீச்சர், மூடிவிடுங்கோ” என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாளிக்கயிறு ஓடிய கப்பியைக் கழற்றிப் பின்கொட்டிலில் ஆணியில் மாட்டிவிட்டு, குழாய்க்கிணறு அடித்துக்கொண்டோம். கிணறு மூடப்பட்டதை அக்காவுக்குச் சொல்லவில்லை. இளவயதில் மணமாகி வெளிநாடு போனவர் அவர். அவருடைய மனத்தில் அது திறந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய நினைவில் ஏதோ கேட்கிறது என்றுதான் அன்று எண்ணினேன்.

மறுநாளும் அக்காவுக்கு அது கேட்டது, அதற்கு மறுநாளும். ஒரு கிழமைக்குள் அக்காவின் மகள் என்னை அழைத்தாள்.

“சித்தி, அம்மாவுக்குக் கிணத்துச் சத்தம் கேக்குதாம். லைன் பிழையோ, தலை பிழையோ எண்டு எனக்குத் தெரியவேணும். தலை எண்டால் தனிய விடேலாது. முதியோர் இல்லத்தில ஒரு இடம் வந்திருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லவேணும்.”

அந்த இல்லத்தின் பெயரைக் கேட்டாலே அக்கா ஒடுங்கிப்போவார். “அங்க போனா, நாலு மணிக்கு உனக்கு ஆர் கோல் எடுக்கிறது?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

இணைப்பில் கோளாறு என்று முறைப்பாடு செய்தேன். வவுனியாவிலிருந்து திருத்துநர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, நனைந்த குடை. கம்பிகளைக் கழற்றி, மாட்டி, தன் கருவியால் அளந்து பார்த்தார்.

“ஒரு பிழையும் இல்லை ரீச்சர். வளவில கேக்கிற சின்னச் சத்தமெல்லாம் இதுக்குள்ளால போகவும் மாட்டாது. கதைக்கிற குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டி வெட்டிப்போடும்.”

“அப்ப, நாங்கள் கதைக்காம இருக்கேக்க காதில கேக்கிற இரைச்சல்?”

“அது பெட்டி தானாப் போடுறது. ஒண்டும் கேக்காட்டி லைன் செத்துப்போச்செண்டு ஆக்கள் வைச்சிடுவினம் எல்லே? அதுக்குத்தான்.” கண்ணைச் சிமிட்டினார். “பேப்பர் வாசிச்சுக்கொண்டு புருசன்மார் ‘ம்ம்’ கொட்டுறமாதிரி.”

சிரித்தேன். அவர் போனபின்தான் உறைத்தது. இத்தனை மாதங்களாக அக்காவின் வீட்டு அமைதி என்று நான் செவிகொடுத்துக் கேட்டது எவருடைய வீட்டையும் சேர்ந்ததல்ல. அப்படியானால் அக்காவின் காதுக்குள் வருவது எங்கிருந்து?

வியாழக்கிழமை அவர் சொன்னார்:

“இண்டைக்குக் கனபேரடி. கப்பி ஓயுதே இல்லை. செருப்பு இழுபடுற சத்தம் வாசல் படலை வரைக்கும் போகுது. இவ்வளவு சனத்துக்க ஒரு பிள்ளை கூட அழேல்லை, பாத்தியே.”

கத்தியைக் கீழே வைத்தேன். அது அக்காவின் நினைவல்ல, என்னுடையது. கடைசி இடப்பெயர்வில் கிழக்கே போய்க்கொண்டிருந்த சனம் எங்கள் வீட்டு வளவில் மூன்று நாள் தங்கியது. தண்ணீருக்குப் படலைவரை வரிசை. கப்பி ஓயவில்லை. களைப்பில் பிள்ளைகளும் அழவில்லை. நான்காம் நாள் நாங்களும் அவர்களோடு வெளிக்கிட்டோம். போர் முடிந்தபின் அவர்களில் ஒருவரைத்தானும் நான் காணவில்லை. அந்த மூன்று நாட்களை அக்காவுக்கு மட்டுமல்ல, எவருக்கும் நான் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மகள் அழைத்தாள்.

“லைனோ, தலையோ, சித்தி?”

“லைனில பிழையில்லையாம். அம்மாவின்ர தலையிலயும் இல்லை. அந்தச் சத்தம் நானும் கேட்டனான்.”

“உண்மையாவோ?”

“உண்மையாத்தான் பிள்ளை.”

எப்போது கேட்டேன் என்று அவள் கேட்கவில்லை. “சரி, அந்த இடத்தை வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்” என்றாள்.

அன்று மத்தியானம் பின்கொட்டிலுக்குப் போனேன். கப்பி துருவேறி இறுகிக் கிடந்தது. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை அதன் அச்சில் ஊற்றி, ஊற வைத்து, சத்தமின்றிச் சுழலும்வரை கையால் உருட்டினேன். துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு அக்கா அழைத்தார். இடம் வேண்டாமென்று மகள் சொல்லிவிட்டாளாம், குரல் இளகியிருந்தது. கதை தீர்ந்தது. பெட்டியின் மெல்லிய இரைச்சல் தொடங்கியது. சற்றுப் பொறுத்து அக்கா சொன்னார்:

“எண்ணெய் விட்டிட்டாய் போல.”

“ஏன் அக்கா?”

“கப்பி கத்தேல்லை.”

“அப்ப இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லையாக்கும்.”

அவர் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நிக்கினமடி,” என்றார். “வாளி தண்ணியில விழுறது கேக்குது.”

யன்னலுக்கு வெளியே கொங்கிறீற் மூடியின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. நான் கத்தியை எடுத்து மீதிக் காயை அரியத் தொடங்கினேன்.

“அள்ளட்டும் அக்கா,” என்றேன்.