மொட்டா, விரிஞ்சிச்சா?

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு காபிக் கடையில்தான் அவரைச் சந்தித்தேன். பக்கத்து மேசையில் இருந்தார், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோவதும், குடிக்காமலே இறக்கி வைப்பதுமாக இருந்தார்.

நானும் அதே காபிதான் சொல்லியிருந்தேன். கெய்ஷா என்று ஓர் அரிய ரகம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. வீட்டுப் பழக்கத்தில் அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டேன். வெந்நீர் போல இறங்கியது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எரிச்சல் வந்தது.

"இன்னா அண்ணாத்த, வாய் வெச்சிக் குடி!" என்று பதறினார் அவர். "தூக்கிக் குடிச்சா வாசன எப்டித் தெரியும்? இந்தச் செடி கொஞ்சமாத்தான் காய்க்கும். வாசனைக்கோசரம்தான் அதுக்கு இம்மாம் மவுசு."

உதட்டில் வைத்து மெல்ல உறிஞ்சினேன். மல்லிகை! "மல்லிப்பூ ஏதாவது போட்டிருக்காங்களா?" என்றேன்.

"ஒண்ணும் போடல. கொட்டையிலயே கீது." கோப்பையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். "எனக்கு ஒரு ஜொரத்துல வாசனையே தெரியாம பூட்ச்சி. வாராவாரம் வந்து மோந்து பாத்துகினு கீறேன். நீ சொல்லு, மல்லி மொட்டா கீதா, விரிஞ்சிச்சா?"

"மொட்டு," என்றேன்.

கண்களை மூடிக்கொண்டார். அலைகள் வந்து போய்க்கொண்டிருந்தன. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இப்ப விரிஞ்சிருக்கும்," என்றார், கண்ணைத் திறக்காமலே.

கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

விரிந்திருந்தது.