கறுப்புப் பட்டைக்கு அடியில்

அவரைத் தேடி வரும் தொலைபேசி அழைப்பில் நல்ல சேதி இருந்ததே கிடையாது. வக்கீல் அலுவலகத்தில் கோப்பு களவு போனால், கட்சிக்காரரின் ரகசியம் தவறான ஆளுக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தால், யாரோ வெளியாள் கணினிக்குள் புகுந்து மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியது தெரியவந்தால், அப்போதுதான் அவருடைய நினைப்பு வரும். என்ன கசிந்தது, யார் கைக்குப் போனது, கோர்ட்டில் கேட்டால் எதை ஆதாரமாகக் காட்டுவது என்று தோண்டிப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். வக்கீல்கள் தங்களுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'துக்கம் கேட்கிறவர்'. அது அவர் காதுக்கும் வந்தது. முதலில் கோபப்பட்டார், பிறகு கோபப்படுவதும் அலுத்துப்போனது.

ஐம்பதைத் தாண்டியவர். இளமையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். உயிர்போன ஒரு டிஸ்க்கிலிருந்து ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணப் படங்களை மீட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வக்கீல் இவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ஒரு வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். அன்று ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. அண்ணன் தம்பி சொத்துச் சண்டை, முதலாளி தொழிலாளி சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று அழித்த கடிதங்களையெல்லாம் தோண்டித் தோண்டிப் படித்ததில் அவருக்கு மனிதர்கள் மேலேயே ஒரு சலிப்பு வந்துவிட்டது.

"என் போனைத் தொட்டுப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணவே தோணாதா?" என்று அவர் மனைவி ஒருமுறை கேலியாகக் கேட்டாள்.

"சம்பளம் குடுத்தாலே படிக்க முடியல. ஓசியில யாரு படிப்பா?" என்றார். மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க, அணைக்காதீங்க, அழிக்காதீங்க." அவர் போய்ச் சேர்வதற்குள் மூன்றையும் செய்து முடித்திருப்பார்கள். விருந்தாளி வருகிறார் என்று வீட்டைப் பெருக்கி வைப்பதுபோல, தடயத்தையெல்லாம் துப்புரவாகக் கூட்டி அள்ளிவிட்டு, 'வாங்க, வாங்க' என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். படித்தவர்கள்தான், நல்லவர்கள்தான். பயம் வந்தால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது.

ஒரு நாள் அவரை அழைத்த வக்கீல் அலுவலகத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒருவரும் எதையும் அழித்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

விஷயம் இதுதான். அடித்துத் துவைக்கிற புருஷனிடமிருந்து தப்பித்துக் குழந்தையோடு தலைமறைவாக இருக்கும் ஒரு பெண்ணுக்காக அந்த அலுவலகம் வாதாடிக்கொண்டிருந்தது. புருஷன் தரப்பு வக்கீலுக்குச் சில ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். அவள் இப்போது குடியிருக்கும் முகவரி மட்டும் அதில் தெரியக்கூடாது என்பது கோர்ட் உத்தரவு. டைப்பிஸ்ட் அம்மா முகவரி வந்த இடத்திலெல்லாம் கணினியிலேயே பட்டையாகக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்து, இரு தரப்பும் கோப்பு பரிமாறிக்கொள்ளும் இணையதளத்தில் ஏற்றியிருந்தார். மறைத்தாரே தவிர எழுத்தை எடுக்கவில்லை. கட்டத்தின் மேல் சுட்டியை இழுத்து நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினால் கதவு எண் முதற்கொண்டு வந்து விழும். முந்தின நாள் மாலை வேறு ஒரு மனுவுக்காக அந்தப் பத்தியை நகலெடுத்தபோது அந்த அம்மாவுக்கே அது வந்து விழுந்திருக்கிறது. பாவம், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா இப்படித்தான் சார் போடுறேன். அடியில எழுத்து அப்படியே இருக்கும்னு யாருமே சொல்லலியே" என்றார்.

"நிறைய இடத்துல இதேதாம்மா நடக்குது. அழாதீங்க" என்றார் அவர். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல, உண்மை.

அவர் அந்த இணையதளத்தின் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தார். யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பது அதில் இருக்கும். கோப்பு போன அன்று எதிர்த்தரப்பு அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு தடவை திறந்திருந்தார்கள். சில நிமிடம் பார்த்துவிட்டு மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு நாள் கணக்கில் யாரும் சீந்தவில்லை. அவர்கள் கவனிக்கவே இல்லை. அவருக்கு மூச்சு வந்தது. அப்படியே கீழே உருட்டினார். இன்று காலை திறந்திருந்தார்கள். மறுபடி திறந்து பதிவிறக்கியிருந்தார்கள். பிறகு அதே பயனர் கணக்கில், ஆனால் அலுவலகக் கணினியிலிருந்து அல்லாமல் வேறெங்கோ இருக்கும் ஒரு கைப்பேசியிலிருந்து, மூன்றாவது தடவை.

"இன்னைக்குக் காலையில என்ன நடந்தது?" என்று கேட்டார்.

அந்த அலுவலகத்தின் சின்ன வக்கீல் நிமிர்ந்தாள். கெட்டிக்காரி, விதிமுறையை விரல் நுனியில் வைத்திருப்பவள். "முறைப்படி என்ன செய்யணுமோ செஞ்சாச்சு சார். தவறுதலா குடுத்த ஆவணம்னா எதிர்த்தரப்புக்கு உடனே எழுதி, அழிக்கச் சொல்லி, அழிச்சிட்டோம்னு எழுத்துல வாங்கணும். வந்ததும் முதல் வேலையா மெயில் போட்டுட்டேன்."

"என்னன்னு போட்டீங்க?"

அவள் படித்துக் காட்டினாள். 'ஏழாம் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்கு அடியில் உள்ள முகவரியை நகலெடுக்க முடிகிறது. தயவுசெய்து அதைப் பார்க்காமல் கோப்பை அழித்துவிடவும்.'

படித்துக்கொண்டு வரும்போதே அவள் குரல் இறங்கிக்கொண்டே போய், கடைசி வார்த்தையில் நின்றுவிட்டது. கவனிக்காமல் விட்டவர்களுக்கு எந்தப் பக்கத்தில், எப்படி எடுப்பது என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அவளைத் திட்ட வேண்டும் என்று அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தப்பே செய்யாமல், சட்டம் சொன்னபடி, நேரம் தவறாமல் செய்திருக்கிறாள். அதில் எதைப் பிடித்துத் திட்டுவது? முதலில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி, அவளைக் கிளப்பிவிட்டுப் பிறகு கடிதம் எழுதியிருக்கலாம். எந்த விதியிலும் அப்படி வரிசை போட்டு எழுதி வைக்கவில்லை.

"அந்தம்மாவுக்குச் சொல்லியாச்சா?" என்றார்.

பெரிய வக்கீல் தொண்டையைச் செருமினார். கட்சிக்காரருக்கு அறிவிக்கும் கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறதாம். 'கசிந்தது' என்று எழுதுவதா, 'கசிந்திருக்க வாய்ப்புண்டு' என்று எழுதுவதா என்று காலையிலிருந்து மூன்று பேர் உட்கார்ந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு தங்கள் தலையில் விடியக்கூடாதே என்ற கவலை.

"கைப்பேசியில திறந்தது அவங்க வக்கீலா இருக்காது சார். அவரு அந்தப் புருஷனுக்கே உள்ளே போற வழியைக் காட்டி விட்டிருக்காரு. கடிதம் அப்புறம் எழுதிக்கலாம். போனைப் போடுங்க, இப்பவே" என்றார் அவர். குரல் உயர்ந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் இனி தனக்கு வேலை கிடைக்காது என்று தோன்றியது. கிடைக்காவிட்டால் போகட்டும் என்றும் தோன்றியது.

பெரிய வக்கீல் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டிருக்கும்போதே கைப்பேசியை இவர் பக்கம் நீட்டினார். "நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியல. ஒரு வருஷமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மான்னு சொல்லிக்கிட்டு வந்த வாய் இது." அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறார், நீதிபதிக்குச் சொல்லியிருக்கிறார். நேரே ஒரு மனுஷிக்குச் சொன்னதில்லை. தான் யார் என்பதைச் சொன்னார். நடந்ததைச் சொன்னார். பூசி மெழுகாமல், 'வாய்ப்புண்டு' என்ற வார்த்தை வராமல் சொன்னார்.

அவள் கத்துவாள், சபிப்பாள் என்று காத்திருந்தார்.

"எப்போ பாத்தாங்க?"

"இன்னைக்குக் காலையிலம்மா."

"பூட்டை மாத்துனா போதுமா, இல்ல வீட்டையே மாத்தணுமா?" கடையில் விலை விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

அவர் பெரிய வக்கீலைப் பார்த்தார். பெரிய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டே, வண்டி அனுப்புகிறேன் என்று கையால் காட்டினார்.

"வீட்டை மாத்திடுங்கம்மா. இங்கேருந்து வண்டி அனுப்புறோம். வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டுல இருங்க. போலீசுக்கும் இப்பவே சொல்லிடுறோம்."

"சரிங்க. சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள். அந்த நன்றியை அவரால் தாங்க முடியவில்லை. நாலு வசவு வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இணைப்பைத் துண்டிக்க அவள் மறந்துவிட்டாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. "பாப்பா, செருப்பைப் போடு. கெளம்பணும்."

எங்கே, ஏன் என்று குழந்தை கேட்கவில்லை. கேட்டது வேறு.

"இந்தத் தடவையும் ஒரு பொம்மைதான் எடுக்கணுமாம்மா?"