கட்டிலில் கொதிநீர் ஊற்றிய சுலைகா ராத்தா

சென்ற வெள்ளிக்கிழமை காலை சுலைகா ராத்தாவின் மகள் போர்ட் பிளேருக்குப் பக்கத்துக் கராச்சர்மாவிலிருந்து போனில் பேசினாள். "மாமி, உம்மா மவுத்தாயிட்டாங்க. ஜும்மாவுக்கு அப்புறம் அடக்கம்" என்றாள். வருகிறேன் என்றேன். பிறகு, "நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னுதான் யோசிச்சேன் மாமி" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எங்கள் பழைய லைன் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் மெயின்லேண்டுக்குப் போய்விட்டார்கள், சிலர் போயே சேர்ந்துவிட்டார்கள். ராத்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி இங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் தங்கள் மலருக்காகக் கேட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன், இஷ்டமிருந்தால் போடுங்கள் என்றேன். நான் பள்ளிக்கூடம் பார்க்காதவள். பொட்டலம் மடித்து வந்த தாளில் எழுத்துக்கூட்டிப் படித்தவள். எனக்கு அலங்காரமாக எழுத வராது.

ராத்தாவுக்குச் சொந்த ஊர் தொண்டிப் பக்கம். எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் அடுத்தடுத்த வீடு, வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ், அந்தப் பக்கம் அவர்களுடைய வாடகை வீடு. அவருடைய வீட்டுக்காரர் பஜாரில் பெயிண்ட், கயிறு, ஆணி விற்கும் கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் சர்க்கார் மர டிப்போவில் மஜ்தூர், கூலித் தொழிலாளி. எங்கள் வீட்டில் பொருள் என்று சொல்ல ஒரு கட்டில்தான் இருந்தது. படாக் என்கிற இந்தத் தீவு மரத்தில் செய்த பெரிய கட்டில். மாற்றலாகிப் போகிற அதிகாரிகள் சாமானைக் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் விற்றுவிட்டுப் போவது அப்போது வழக்கம். அப்படி ஒருவரிடம் வாங்கினோம். வாய்ப்பேச்சில் நடந்த வியாபாரம், துண்டுச் சீட்டு கிடையாது. அவர் கப்பலேறிவிட்டார்.

ஊரில் மரச்சாமானுக்கு எண்ணெய் தேய்ப்போம். அதே நினைப்பில் நான் கட்டில் முழுவதும் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். மழை பிடித்த சில நாளில் கால், சட்டம், தலைப்பலகை என்று எங்கும் வெள்ளையாகப் பூஞ்சை கிளம்பியது. தீவுக்கு வந்த புதிதில் நம் ஆட்கள் எல்லோருமே செய்கிற தப்பு இது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த ராத்தா, "என்ன காமாட்சி, கட்டிலுக்குத் தாடி முளைச்சிருக்கு? நாவிதனைக் கூப்பிடவா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வீட்டுல மட்டும் மழை பெய்யலையாக்கும்" என்றேன். "பெய்யுது. வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். அவர் வீட்டு அலமாரி, குர்ஆன் வைக்கும் பலகை, தையல் மெஷினின் மூடி எல்லாம் உலர்ந்து, கை வைத்தால் வழுக்கின. தேன்மெழுகு. காட்டு வேலைக்குப் போகும் ராஞ்சிக்காரர்கள் தேனைப் பிழிந்துவிட்டுத் தரும் அடையை வாங்கி வெந்நீரில் கரைத்து வடிகட்டுவார். ஆறியதும் மெழுகு மேலே கட்டியாக மிதக்கும். அதை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்கி, அடுப்பை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய்த்தான் டர்பன்டைன் கலப்பார். பழைய வேட்டித் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, காய்ந்தபின் தேய்ப்பார். "கையில ஒட்டுச்சுன்னா அது மெழுகு இல்ல, அழுக்கு" என்பார். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். நோன்பு மாதமானாலும் தள்ளிப்போட மாட்டார். நானும் செய்யத் தொடங்கினேன். பூஞ்சை நின்றது.

ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. கட்டில் பழையது. நிறம் கறுத்துப் போயிருந்தது, ஆணித் தலைகளைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறை. மெழுகு போட்டால் அந்தக் கறுப்புதான் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு. டிப்போவில் கொட்டிக் கிடக்கும் தூளை யார் வேண்டுமானாலும் அள்ளி வரலாம். புதிதாக அறுத்த படாக்கின் தூள் குங்குமம் மாதிரி சிவந்திருக்கும். அதை இடித்து, துணியில் சலித்து, உருகிய மெழுகில் கலந்தேன். புழுத் துளைகளிலும் கறைகளிலும் அழுத்தி அடைத்து, மேலே மெழுகித் தேய்த்தேன். கட்டில் நேற்றுத்தான் அறுத்துச் செய்ததுபோல் ஜொலித்தது. லைன் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ராத்தா மட்டும் வாசற்படியைத் தாண்டி வரவில்லை. "கெழவிக்கு ரோஸ் பவுடர் அடிச்சிருக்க" என்றார்.

"நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"புதுசு மாதிரி இருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கலை. மெழுகு பொருளைக் காப்பாத்தத்தான் புள்ள, வயசை மறைக்க இல்ல."

பொறாமை என்று நினைத்தேன். என் கட்டில், என் கை, என் விருப்பம். இன்றைக்குக் கேட்டாலும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

அந்த வாரமே டிப்போவில் படாக் பலகைகள் காணாமல் போயின. யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. சந்தேகம் மஜ்தூர்கள் மேல் விழுந்தது. லைனில் வீடு வீடாகச் சோதனை. பலகை அகப்பட்ட வீட்டில் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கு ஊரில் கதவு திறந்து வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. நிலம் பங்காளிகளிடம் போய்விட்டது. இந்தத் தீவை விட்டால் எங்களுக்கு நிற்க மண் இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நாம எடுக்கலையே, எதுக்குப் பயம்?" என்றேன். "பயப்பட எடுத்திருக்கணும்னு இல்ல காமாட்சி" என்றார்.

அதிகாரியும் இரண்டு ஆட்களும் எங்கள் வீட்டுக்கு முன்பகலில் வந்தார்கள். அடுப்பில் உலை வைத்திருந்தேன், அரிசி இன்னும் போடவில்லை. உள்ளே வந்த அதிகாரி கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தலைப்பலகையில் விரலை வைத்துத் தடவினார். "யே தோ நயா மால் ஹே" என்றார். இது புதுச் சரக்கு என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு ஹிந்தி நன்றாக வரும், ஆனால் அன்றைக்கு வரவில்லை. "சாப், புரானா... சாப்..." என்று, ஐயா, பழசு என்கிற இரண்டு சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா, பழைய கட்டில்தான், நான் பார்த்திருக்கிறேன் என்றார். ராத்தாவும் சொன்னார். அதிகாரி கேட்கவில்லை. லைன்காரர்களுக்கெல்லாம் ஒரே வாய் என்றார். விற்றுப் போனவர் யார், சீட்டு எங்கே என்றார். பிறகு தன் ஆளிடம் கத்தியைக் கேட்டு வாங்கினார். மேல்பூச்சைச் சுரண்டி அடியில் மரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

திருடாத வீட்டில் எதற்குச் சுரண்ட வேண்டும்? இன்று ஒருவர் சுரண்டினால் நாளைக்கு வேறொருவர் வந்து பெட்டியைத் திறப்பார். என் சொல்லை நம்பாதவருக்கு என் பொருளில் கத்தி வைக்க உரிமை இல்லை. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஹிந்தியிலும் தெரியாத ஹிந்தியிலும் சொன்னேன். "நஹி தூங்கி. ஹாத் மத் லகாவோ." தர மாட்டேன், கை வைக்காதீர்கள் என்றேன்.

"அடியே, விட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாட்டேன்."

"வேலை போயிரும் காமாட்சி."

"போகட்டும்."

அதிகாரி கத்தியை மடக்கினார். அதைப் பார்த்து நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் திரும்பித் தன் ஆட்களிடம், கட்டிலைத் தூக்குங்கள், இவனையும் ஆபீசுக்குக் கூட்டி வாருங்கள் என்றார். ஒருவன் என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை.

அப்போதுதான் பின்வாசல் வழியாக ராத்தா உள்ளே வந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. முந்தானையால் பிடித்தபடி என் உலைப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தள்ளு" என்றார். தள்ளுவதற்குள் தோளால் என்னை ஒதுக்கிவிட்டு, கொதிக்கிற தண்ணீரைத் தலைப்பலகையின் உச்சியிலிருந்து அப்படியே கவிழ்த்தார்.

மெழுகு உருகிச் சிவப்புத் தண்ணீராகத் தரையில் ஓடியது. நான் அடைத்து வைத்த துளைகளிலிருந்து தூள் கரைந்து இறங்கியது. ஆவி அடங்கியதும் அடியில் இருந்த மரம் தெரிந்தது. கறுத்த மரம், வெளுத்த திட்டுகள், யாரோ வைத்த டம்ளரின் வட்டங்கள், ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் ஊறிப்போன கரிய துருக்கறை. ஆணியின் துரு மரத்துக்குள் அவ்வளவு இறங்க எத்தனை மழைக்காலம் பிடிக்கும் என்று இந்தத் தீவில் இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி குனிந்து பார்த்தார். "புரானா ஹே" என்றார். "சலோ" என்று தன் ஆட்களைக் கிளப்பினார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்பு கேட்கவில்லை. தோளில் கை போட்டவன் கையை எடுத்துக்கொண்டு போனான்.

என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் கட்டிலைப் பார்த்தேன். பசை போட்டு ஒட்டிச் சேர்த்த பலகைகள் வெந்நீரில் பிரிந்து, தலைப்பலகை நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"யாரைக் கேட்டு ஊத்துனீங்க?" என்றேன்.

ராத்தா வெறும் பானையைக் கீழே வைத்தார். வெந்நீர் அவருடைய காலிலும் தெறித்திருந்தது. புறங்கால் சிவந்து கொப்புளிக்கத் தொடங்கியிருந்தது. "அரிசியைப் போடு. வேற தண்ணி வை" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

அவருடைய காலுக்கு மருந்து கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்தோம், பேசவில்லை. அவர் வீட்டுப் பெருநாள் பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் பொங்கல் அங்கே போகும். பிள்ளைகள் கொண்டு போவார்கள், பிள்ளைகள் கொண்டு வருவார்கள். கட்டிலை ஒரு தச்சர் வந்து இறுக்கிக் கொடுத்தார். பிளவு மூடவில்லை. பிறகும் மழைக்கு முன்னால் மெழுகு போட்டேன், சிவப்புத் தூள் இல்லாமல். அவர் சொன்னதற்காக நிறுத்தவில்லை. தூளைப் பார்த்தாலே அந்தச் சிவப்புத் தண்ணீர் ஞாபகம் வந்ததால் நிறுத்தினேன்.

லைனில் சிலர் என்னை நன்றி கெட்டவள் என்றார்கள். என் வீட்டுக்காரரும் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொன்னார். "அவங்க இல்லன்னா நான் இன்னைக்கு எங்க இருப்பேன்?" என்று கேட்டார். எங்கே இருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும் என்றேன். தெரிந்தால் மட்டும் கேட்காமல் செய்தது சரியாகிவிடுமா?

எழுபதுகளில் ராத்தா குடும்பம் கராச்சர்மாவில் சொந்த வீடு கட்டிப் போனது. மகளின் நிக்காஹுக்கு அழைக்க ராத்தாவே நேரில் வந்தார். வாசலில் நின்று, "உள்ள வரலாமா, இல்ல இங்கயே சொல்லிட்டுப் போகட்டுமா?" என்றார். வாங்க என்றேன். கட்டிலில்தான் உட்கார்ந்தார். பிளவை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் மெழுகிருக்க."

"யாரைக் கேட்டு ஊத்துனீங்க?" என்று மறுபடி கேட்டேன். இடையில் இத்தனை வருஷம் போனதாகவே எனக்குத் தோன்றவில்லை.

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"அது நியாயமில்ல ராத்தா."

"நியாயம்னு நான் எங்க சொன்னேன்? உன் புருஷன் தோள்ல அவன் கை வச்சான். நீ கட்டிலைப் பார்த்துக்கிட்டு நின்ன. யாராவது அந்த மனுஷனைப் பார்க்கணுமில்ல?"

காப்பி போட எழுந்து போனேன். அவர் சர்க்கரை குறைத்துப் போடச் சொன்னார். நிக்காஹுக்குப் போனேன். அதன்பின் பேசினோம், சண்டை போட்டோம், ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டிலில் வந்து முடிந்தது. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அதே டிப்போவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்து, இந்தத் தீவிலேயே கண் மூடினார். வெள்ளிக்கிழமை ராத்தாவின் முகத்தைப் பார்க்க என்னையும் உள்ளே விட்டார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், ஒரு வழக்கு மிஞ்சியிருக்கிறது. அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டும். இதை நான் சாகும்வரை சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால், இதைச் சொல்ல நான் இந்த மண்ணில் இருந்திருக்க மாட்டேன். அதையும் சேர்த்தே சொல்வேன்.